ஒயின் குழு நடத்துவது எப்படி: ஆள் சேர்ப்பது முதல் கிளாஸ் கழுவுவது வரை

எங்கள் குழுவின் மூன்றாவது கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஆறு பாட்டில். ஐந்தாவதுதான் மேசையில் இருந்ததிலேயே விலை கூடியது. கொண்டுவந்தவர் லேபிளைக் காட்டி, எத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தார் என்று கதையும் சொல்லி ஊற்றினார். ஒருவர் "ஆஹா" என்றார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அன்றுதான் புதிதாக வந்திருந்த ஒரு பெண் கிளாஸை மூன்று நான்கு தடவை முகர்ந்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க, எனக்கு மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம்தான் வருது" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. கார்க் கெட்டுப்போன பாட்டில் அது. பத்துப் பேர் முகர்ந்திருந்தோம். முதல் "ஆஹா" விழுந்ததும் மற்ற எல்லா மூக்கும் வேலையை நிறுத்திவிட்டது.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி: எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. கீழே நான் சொல்லப்போகிற ஏற்பாடுகளில் பாதி இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

ஆட்கள்: பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம்

எண்ணிக்கையை முடிவு செய்வது பாட்டில்தான். வழக்கமான பாட்டில் 750 மில்லி. சுவைத்துப் பார்க்க ஒருவருக்கு 50 மில்லி போதும். கணக்குப்படி 15 பேருக்கு வரவேண்டும். ஆனால் ஊற்றுபவர் கை ஒரே சீராக இருக்காது, பழைய ஒயினில் அடிக்கசடு நிற்கும், யாராவது மறுபடி கேட்பார்கள். அதனால் பன்னிரண்டு பேர்தான் வசதி. ஆறு பேருக்குக் கீழே போனால் தலைக்கு விழும் செலவு ஏறும். மிச்சமும் நிறைய நிற்கும், அதைக் குடித்தே தீர்க்கலாம் என்ற யோசனையும் யாருக்காவது வரும்.

சட்டப்படி மது அருந்தும் வயது வந்தவர்களை மட்டும் சேருங்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. யாரைச் சேர்ப்பது என்றால், என் அனுபவத்தில் ஒயின் தெரிந்தவரைவிட ஒயினைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர் மேல். எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் குழுவுக்கு நல்லது. மூன்று பேர் இருந்தால் மற்ற ஒன்பது பேரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

மாதம் ஒரு தடவை, ஒரே கிழமை. "எல்லாருக்கும் தோதான நாள்" தேடினால் அந்த நாள் வரவே வராது.

பணம்: ஆளுக்கொரு பாட்டிலா, பொது உண்டியலா

தொடங்கும்போது எல்லாரும் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரலாம் என்றுதான் நினைப்பார்கள். சுலபமாகத் தெரியும். இரண்டு மாதத்தில் அது போட்டியாகும், இல்லையென்றால் எது கையில் கிடைத்ததோ அது வரும். ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத பத்து பாட்டிலை வரிசையாகச் சுவைத்து யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. அதோடு, கொண்டுவந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அவருடைய ஒயினைப் பற்றி யார் உண்மை பேசுவார்கள்? எங்கள் ஐந்தாம் பாட்டில் கதை அதுதான்.

பொது உண்டியல் நல்லது. எல்லாரும் ஒரே தொகை போடட்டும். ஒவ்வொரு மாதமும் ஒருவர் தலைப்பை எடுத்துக்கொண்டு ஆறு பாட்டிலும் அவரே வாங்கட்டும். வராதவர் பங்கு திரும்பாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனஸ்தாபம். கெட்டுப்போன பாட்டிலுக்கு மாற்றாக ஒன்று எப்போதும் கையில் இருக்கும்படி கொஞ்சம் கூடுதலாக வசூலியுங்கள். வரவு செலவுத் தாள் எல்லார் கண்ணுக்கும் படட்டும். ஒன்று மட்டும் கவனம்: நண்பர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வது வேறு, வருகிறவர்களிடம் காசு வாங்கி மது ஊற்றுவது வேறு. இரண்டாவதுக்குப் பெரும்பாலான இடங்களில் உரிமம் வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தலைப்பு: கூட்டத்தின் உயிர் இங்கேதான்

ஒரே ஒரு ஒயினைத் தனியாகக் குடித்தால் "நல்லா இருக்கு", "பரவாயில்லை" என்பதற்கு மேல் சொல்ல வராது. பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள், நாக்கு தானாகப் பேசத் தொடங்கும். அதனால் எந்தத் தலைப்பாக இருந்தாலும், ஒன்றை மட்டும் மாற்றி மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு நான் எப்போதும் சொல்வது சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சை. பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் உள்ள சான்செர் ஊரிலிருந்து மூன்று, நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்து மூன்று. திராட்சை ஒன்றுதான், ஊர் வேறு. மார்ல்பரோ கிளாஸிலிருந்து எகிறி வந்து மூக்கில் அடிக்கும். சான்செர் பெரும்பாலும் கொஞ்சம் அடக்கமாக, கல் நனைந்த மாதிரி நிற்கும். இதுவரை ஒயினே குடிக்காதவர்கூட இரண்டையும் பிரித்துவிடுவார். முதல் நாளில் அந்த நம்பிக்கை வந்துவிட்டால் அடுத்த மாதமும் வருவார்.

இரண்டாவதாக ஷார்டொனே, இதுவும் வெள்ளை ஒயின் திராட்சைதான். இதில் மாறுவது பீப்பாய். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில், வடக்கு மூலையில் இருக்கும் ஷாப்லியில் பெரும்பாலானவற்றை எஃகுத் தொட்டியில் செய்கிறார்கள். அதே பர்கண்டியின் மெர்சோவில் ஓக் மரப் பீப்பாய். ஓக்கிலிருந்து வனிலா, லேசான கருகல் வாசம் வரும். "வெண்ணெய் வாசம்" என்று எல்லாரும் சொல்வது மட்டும் ஓக்கிலிருந்து வருவதில்லை. மாலிக் அமிலத்தை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகும் டையாசிட்டைல் என்ற பொருளின் வாசம் அது. இந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்தாலே ஒரு மாலை உருப்படியாகப் போனதாகக் கொள்ளலாம்.

அப்புறம் சிரா என்ற சிவப்பு ஒயின் திராட்சை: பிரான்ஸின் வடக்கு ரோன் பகுதியில் மிளகு வாசத்தோடு வரும், ஆஸ்திரேலியாவின் பரோசாவில் ஷிராஸ் என்ற பெயரில் ஜாம் போலக் கனிந்து வரும். மால்பெக் என்ற இன்னொரு சிவப்புத் திராட்சை என்றால் பிரான்ஸின் கஹோர், அர்ஜென்டினாவின் மெண்டோசா. ஒரே ஆண்டு, ஒரே ஊர், ஆறு வேறு தயாரிப்பாளர்கள் என்று வைப்பதைக் கிடைமட்டம் என்பார்கள். ஒரே தயாரிப்பாளரின் ஒரே ஒயினை ஆறு வெவ்வேறு ஆண்டுகளில் வைத்தால் செங்குத்து. செங்குத்து எல்லாருக்கும் ஆசைதான். பாட்டில்களைத் தேடிச் சேர்ப்பது பெரும்பாடு; முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆறுக்கு மேல் வைக்காதீர்கள். எட்டாவது ஒயினை யாரும் உண்மையில் சுவைப்பதில்லை, குடிக்கிறார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய நாளும் அன்றைய பகலும்

பழைய சிவப்பு ஒயின் இருந்தால் முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். கசடு அடியில் இறங்கட்டும்.

அறைக்கு எந்த வாசமும் இருக்கக்கூடாது. ஊதுவத்தி, மெழுகுவத்தி, பூங்கொத்து, பக்கத்து அடுப்பில் தாளிப்பு எதுவும் ஆகாது. வருகிறவர்களுக்கு அனுப்பும் செய்தியில் "சென்ட் போடாமல் வாருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நேரில் சொல்வது சங்கடம்.

கிளாஸ் விஷயத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம். சுவைத்துப் பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1977இல் ஒரு அளவு வகுத்தது. சுமார் 215 மில்லி கொள்ளும், அடி அகன்று வாய் குறுகிய சின்னக் கிளாஸ். வாய் குறுகலாக இருப்பதால் வாசம் உள்ளேயே நிற்கும். அந்த மாதிரி எதுவானாலும் சரி, எல்லாருக்கும் எல்லா ஒயினுக்கும் ஒரே வகை கிளாஸாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு ஆறு கிளாஸ் கிடைத்தால் அருமை, இரண்டு இருந்தாலும் சமாளிக்கலாம். ஊற்றுவதற்கு முன் காலி கிளாஸை முகர்ந்து பாருங்கள். அலமாரி வாசம், பாத்திரத் துணி வாசம், சோப்பு வாசம் இவற்றில் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தால் போய்விடும்.

சூடு, குளிர்ச்சியில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஷாம்பெயின் மாதிரிப் பொங்கும் ஒயின் 6 முதல் 10 டிகிரி. லேசான வெள்ளை 7 முதல் 10. ஓக்கில் வளர்ந்த கனமான வெள்ளை 10 முதல் 13. லேசான சிவப்பு 13 வாக்கில், கனமான சிவப்பு 15 முதல் 18. சிவப்பை "அறை வெப்பத்தில்" கொடுக்க வேண்டும் என்ற பழைய பேச்சு, குளிர்ந்த கல் வீடுகளின் அறையை நினைத்துச் சொன்னது. இன்றைய அறையில் 25 டிகிரியில் சிவப்பு ஒயினை ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளையை அதற்கு நேர்மாறாக, பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். மிதமிஞ்சிய குளிரில் வாசம் எழும்பாது.

மேசையில் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள், பென்சில், தண்ணீர், உப்பு அதிகமில்லாத வெறும் ரொட்டி. அப்புறம் துப்புவதற்குக் கிண்ணம். பழைய தமிழில் படிக்கம் என்று அழகான சொல் இருக்கிறது, நாங்கள் அதையே பயன்படுத்துகிறோம். இரண்டு பேருக்கு ஒன்று வேண்டும். உள்ளே தெரியாத, வாய் அகன்ற பாத்திரமாகப் பாருங்கள்.

எல்லாரும் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பாட்டில்களைத் திறந்து, பொறுப்பாளர் ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒரு வாய் சுவைத்துப் பார்க்க வேண்டும். இளம் வயதில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும் சிவப்பை டிகேன்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றாட விடலாம். ரொம்பப் பழையதைக் கடைசி நேரத்தில்தான் திறக்க வேண்டும், காற்றில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். பொங்கும் ஒயினை மட்டும் முன்கூட்டித் திறக்காதீர்கள். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் 5, 6 மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார்க்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் பாட்டிலைத் திருப்புங்கள். யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காதீர்கள்.

பாட்டிலை மூடி மறையுங்கள்

1976ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஒரு கூட்டம் வைத்தார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், எல்லாரும் துறையில் பெரிய ஆட்கள். கலிஃபோர்னிய ஒயினையும் பிரெஞ்சு ஒயினையும் கலந்து, பெயரை மறைத்துக் கொடுத்தார்கள். வெள்ளையில் ஷாத்தோ மான்டெலீனாவின் 1973 ஷார்டொனே முதலிடம். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 கேபர்னே சோவிஞான் முதலிடம், ஷாத்தோ மூத்தோன் ரோத்ஸ்சைல்ட் 1970 அதற்கு அடுத்து. இரண்டு வெற்றியாளர்களும் கலிஃபோர்னியா. லேபிள் தெரிந்திருந்தால் அந்த மேசையில் அப்படி முடிவு வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் குறும்பான சோதனை ஒன்று 2001இல் வெளியானது. பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களுக்கு, வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு அப்படியே நம்பிவிட்டது. ஒயினையே பாடமாகப் படித்தவர்களுக்கே இப்படி என்றால் நம் பாடு?

மூடுவது எளிது. கழுத்தில் உள்ள உறையை முழுவதுமாக நீக்குங்கள். காகிதப் பையில் பாட்டிலை நுழைத்து, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, எண் எழுதுங்கள். கார்க்குகளை எடுத்து ஒளித்துவிடுங்கள். அதில் பெயர் அச்சிட்டிருக்கும். பாட்டிலின் தோள் வடிவமே போர்தோவா பர்கண்டியா என்று காட்டிக்கொடுக்கும், அதனால் இரண்டும் கலந்திருந்தால் ஒரே மாதிரி ஜாடிகளில் ஊற்றி எண் ஒட்டுங்கள். வரிசை: பொங்குவது, லேசான வெள்ளை, கனமான வெள்ளை, லேசான சிவப்பு, கனமான சிவப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பை முன்னால் வைத்தால் அடுத்து வருவதெல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும்.

வருஷத்தில் ஒரு தடவை ஒரே ஒயினை இரண்டு எண்களில் வையுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். நான் இதில் மாட்டிக்கொண்டு, இரண்டாம் எண்ணைக் கடைசி இடத்திலும் ஐந்தாம் எண்ணை முதலிடத்திலும் எழுதியிருந்தேன். அந்தத் தாள் இன்னும் குழுவில் யாரோ ஒருவர் கையில் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெளியே வரும்.

சுவைப்பது

ஒரு ஒயினுக்கு ஐந்து நிமிடம். அமைதி.

வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள். வெள்ளை ஒயின் வயதாக ஆகப் பொன்னிறம் ஏறும். சிவப்பு வயதாக ஆக வெளுத்து, ஓரம் செங்கல் நிறமாகும். கிளாஸின் சுவரில் வழியும் துளிகளைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அது ஆல்கஹாலும் தண்ணீரும் வேறு வேறு வேகத்தில் ஆவியாவதால் நடக்கும் வேடிக்கை. ஜேம்ஸ் தாம்சன் என்ற இயற்பியலாளர் 1855இலேயே விளக்கிவிட்டார்.

முதலில் கிளாஸை அசைக்காமல் ஒருமுறை முகருங்கள். பிறகு மேசையில் வைத்தபடியே அடியைப் பிடித்துச் சுழற்றி, மறுபடி முகருங்கள். கையில் தூக்கிச் சுழற்றுவதெல்லாம் பழகினவர்களுக்கு, புதியவர்கள் சட்டையில்தான் ஊற்றிக்கொள்வார்கள். என்ன வாசம் என்று பெயர் வரவில்லையா? கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1984இல் உருவாக்கிய வாசனைச் சக்கரம் கைகொடுக்கும். நடுவில் "பழம்" என்று தொடங்கி, அடுத்த வட்டத்தில் "எலுமிச்சை வகை", வெளியே "எலுமிச்சை" என்று பிரிந்து போகும். ஆனால் அதை வேதமாக வைத்துக்கொள்ளாதீர்கள். "பழைய புத்தகம்", "புது ரப்பர் செருப்பு" என்று தோன்றினால் அதையே எழுதுங்கள். உங்கள் ஞாபகத்தில் இருக்கும் வாசத்துக்குத்தான் உங்கள் மூக்கு பெயர் சொல்லும்.

வாயில் ஒரு மடக்கு எடுத்து, வாய் முழுக்கப் பரவ விட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், பரவாயில்லை. இனிப்பு உடனே தெரியும். புளிப்பை அறிய, துப்பிய பிறகு எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று பாருங்கள். டானின் என்று ஒயின்காரர்கள் சொல்வதை நமக்கு விளக்கவே வேண்டாம். அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணியவர்கள் நாம். ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் உலர்ந்து இழுக்கிறதே, அதுதான். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்ற பழைய வரைபடத்தை மறந்துவிடுங்கள். 1901இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைத் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த கதை அது. நாக்கு எல்லா இடத்திலும் எல்லாச் சுவையையும் அறியும்.

துப்பிய பிறகு சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள்.

பேசுவது

பென்சில்களைக் கீழே வைத்த பிறகுதான் பேச்சு. புதியவர் முதலில், அனுபவசாலி கடைசியில். இந்த வரிசை தலைகீழானால் எங்கள் ஐந்தாம் பாட்டில் மறுபடி நடக்கும்.

மதிப்பெண் போடாதீர்கள், வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். 20க்கு இத்தனை என்று போட்டால், ஒருவர் 8க்கும் 19க்கும் நடுவில் ஆடுவார், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 15, 16 என்று போடுவார். சராசரி எடுத்தால் முதலாமவர் ஒருவரே முடிவு செய்தது போலாகும். 1 முதல் 6 வரை இடம் கொடுத்து, கூட்டி, குறைந்த எண் வந்ததை முதலாவதாக வைப்பது இதைவிட நியாயம்.

கெட்ட ஒயினைக் கண்டுபிடிக்கவும் பழகுங்கள். ஈர அட்டை, முடை நாற்றம் வந்தால் அது டிசிஏ என்ற வேதிப்பொருள், கார்க் கெட்டுப்போவது என்பது இதுதான். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். காற்றாட விட்டாலும் போகாது, மாற்றுப் பாட்டிலைத் திறக்க வேண்டியதுதான். வெட்டிவைத்துப் பழுப்பான ஆப்பிள் வாசம் என்றால் காற்றுப் பட்டுவிட்டது. நெயில்பாலிஷ், வினிகர் என்றால் ஆவியாகும் அமிலம் கூடிவிட்டது. அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி வாசம் மட்டும் சில நேரம் நன்றாகச் சுழற்றினால் கலைந்துவிடும், பொறுத்துப் பாருங்கள். குதிரை லாய வாசம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டால் வருவது. அது குறையா அழகா என்று ஒரு மணி நேரம் சண்டை போடலாம், எங்கள் குழுவில் போட்டிருக்கிறார்கள்.

எல்லாரும் சொல்லி முடித்ததும் பைகளைக் கழற்றுங்கள். அந்த இரண்டு நிமிடச் சிரிப்புக்காகவே பலர் வருகிறார்கள்.

சாப்பாடும் வீடு திரும்புதலும்

சாப்பாடு பைகளைக் கழற்றிய பிறகுதான். முன்பே வைத்தால் சுவை மாறும். ஆனால் வெறும் வயிற்றில் யாரும் வரக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். அரட்டைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். குடிக்காதவர்கள் இதற்கு வரலாம். முகர்ந்து எழுதுவதிலும் சேரலாம். எங்கள் குழுவில் சரியாகவே முகர்கிறவர் ஒருவர், ஒரு சொட்டு விழுங்குவதில்லை.

துப்புவதில் கூச்சம் வேண்டாம். 13 சதவீத ஒயின் 50 மில்லியில் ஏறக்குறைய 5 கிராம் ஆல்கஹால். ஆறையும் விழுங்கினால் 30 கிராம். உடல் மணிக்குச் சராசரியாக 7, 8 கிராம்தான் கரைக்கும், ஆக நான்கு மணி நேர வேலை. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அதனால் சுவைத்தவர் யாரும் வண்டி ஓட்டக்கூடாது, இதில் விவாதமே இல்லை. யார் எப்படி வீடு போகிறார்கள் என்று கூட்டம் தொடங்கும்போதே கேளுங்கள், முடியும்போது கேட்டால் எல்லாரும் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று யாராவது தொடங்கினால், உடல்நலத்துக்கு ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை நினைவுபடுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கிளாஸை நீட்டவே வேண்டாம். ஒருவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கவும் கூடாது.

மறுநாள்

மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். மூன்று நாளைக்குத் தாங்கும். முதல் வாசத்தை எழுதிய தாளோடு மறுநாள் ஒரு வாய் ஒப்பிட்டுப் பாருங்கள், சிலது அன்றைக்குத்தான் வாய் திறக்கும். ஒரு நோட்டில் எண், பெயர், ஆண்டு, குழு சேர்ந்து கொடுத்த இடம், யார் என்ன சொன்னார் என்று ஒரு வரி போட்டு வையுங்கள். கெட்டுப்போன பாட்டிலை மூடி, வாங்கிய இடத்தில் காட்டுங்கள். பல கடைகள் மாற்றித் தருகின்றன.

கிளாஸை மட்டும் அன்று இரவே கழுவாதீர்கள். தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். எங்கள் குழுவில் இதுவரை உடைந்த கிளாஸ்கள் பதினொன்று. அதில் ஒன்பது, கூட்டம் முடிந்த இரவில், பத்து மணிக்கு மேல், "நானே கழுவித் தர்றேன்" என்று ஆசையாக வந்தவர்கள் கையில் போனவை.